குகட்பள்ளி சம்ப் கார்டு கமிட்டி

ஹவுசிங் போர்டு காலனி,
குகட்பள்ளி, ஹைதராபாத்.
9-2-1988

சிரஞ்சீவி மாப்பிள்ளை உமாசங்கருக்கு ஜகதீசன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியார் சாவித்ரியும் கிரிஜாவும் சௌக்கியம். தேவரகொண்டாவுக்கு அந்தப் பக்கத்துக் கல் குவாரியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், சொந்தக் கையால் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு நீங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்ப முயற்சி செய்கிறேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.

நிற்க. நீங்கள் போட்ட தபாலட்டை நேற்று வந்தது. ஒரு தகரத்தை அடித்து மாட்டுவதற்கு இத்தனை நாளா என்று கேட்டிருக்கிறீர்கள். கவரில் போட்டிருந்தால் எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்திருக்கும். அட்டையில் எழுதியதால் தபால்காரர் படித்து, மாடிப் போர்ஷன்காரர் படித்து, இருவரும் சேர்ந்து என்னிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் "இன்னும் ஆகலையா சார்" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தகரம் என்பது டால்டா டின் செய்வதற்கு. ஓடுகிற வண்டியின் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிற பாத்திரத்துக்கு சம்ப் என்று பெயர். அதைப் பாறை இடிக்காமல் காப்பாற்றுவதற்கு மாட்டுகிற இரும்புக் கவசத்துக்கு சம்ப் கார்டு என்று பெயர். சர்க்கார் ஃபாக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்ஷனில் தலை நரைத்த ஒரு மனுஷனுக்கு, தகரத்துக்கும் கவசத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மாப்பிள்ளை வாய்த்தது அவன் ஜாதகம்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு உங்கள் வசதிப்படி மறதி வருகிறது. நிரந்தர உத்தியோகம், கான்டீன் சாப்பாடு, காலையில் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்கிற ஃபாக்டரி பஸ், ஊர் போய்வர எல்.டி.சி., கடைசியில் பென்ஷனோ பி.எஃப்போ ஏதோ ஒன்று, இவ்வளவும் இருந்த வேலையை ஒரு வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்துவிட்டு, சிநேகிதனோடு சேர்ந்து குவாரிகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிறேன் என்று, யாரோ ஓட்டித் தீர்த்த ஒரு பிக்கப் வண்டியை வாங்கினது நீங்கள். அந்த ராஜினாமாவை என்னிடம் நேரில் சொல்ல உங்களுக்குத் தைரியம் இல்லை. கிரிஜாவை அனுப்பினீர்கள். அவள் அதை நான் பூஜையில் மணியும் கையுமாக இருக்கிறபோது வந்து சொன்னாள், அந்த நேரத்தில் அப்பா வாயைத் திறக்க மாட்டார் என்று கணக்குப் போட்டு. அன்றைக்கு சுவாமிக்கு விழுந்த மணியடி காலனி முழுக்கக் கேட்டிருக்கும்.

குவாரிக்குப் போகிற சாலை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதில் கல் இருக்கிறது, சாலையைத்தான் காணோம். அதில் போன வண்டி ஒரு பாறை மீது ஏறி இறங்கி, சம்ப் பிளந்து, எண்ணெய் எல்லாம் ஒழுகி, என் பெண் பொழுது சாய்கிற நேரத்தில் பொட்டல்காட்டில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு பார் சோப்பைக் குழைத்து விரிசலில் அப்பி, எண்ணெயை நிறுத்தி, ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தீர்கள். சோப்பு அப்பியது யார் என்று கேட்டால் அவளாம். இதை நீங்கள் இரண்டு பேரும் தீபாவளி லேகியம் சாப்பிட்டுக்கொண்டே சிரிக்கச் சிரிக்கச் சொன்னீர்கள். எனக்கு ஒரு சிரிப்பும் வரவில்லை. நான் அவளை பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் படிக்க வைத்தது வண்டிக்கு அடியில் படுத்துச் சோப்பு அப்புவதற்கு இல்லை.

தீபாவளி முடிந்து நீங்கள் கிளம்பும்போது சம்புக்கு வெல்டிங் வைத்தாகிவிட்டது. "அடியில ஒரு கார்டு மட்டும் போட்டு வைங்கோ மாமா, ஒரு வாரத்துல வந்து வண்டியையும் கிரிஜாவையும் அழைச்சுண்டு போறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு லாரியைப் பிடித்துப் போய்விட்டீர்கள். வண்டியை முதலில் சொல்லி என் பெண்ணை அப்புறம் சொன்னதை நான் கவனித்துக்கொண்டேன். அந்த நிமிஷமே தீர்மானம் செய்தேன். என் மனசுக்குத் திருப்தியான ஒரு கார்டு அந்த வண்டியின் அடியில் ஏறுகிற வரைக்கும் கிரிஜா அந்த வண்டியில் ஏற மாட்டாள், இங்கேயே இருப்பாள். இதை அவளிடமும் சொன்னேன், அவள் அம்மாவிடமும் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் ரிடையரானதிலிருந்து எனக்கு வேலை வெட்டி கிடையாது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். உங்கள் மாமியாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டருக்கு ரிடையர்மென்ட் ஆர்டரில்தான், கண்ணுக்கு இல்லை. காய்கறிக்காரியின் கூடையில் பாதிக் கத்தரிக்காயைத் திருப்பி அனுப்பினேன், அவள் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பால்காரரின் அளவுக் குவளையில் அடி உள்வாங்கியிருப்பதைக் கண்டுபிடித்தேன், அவரும் வேறு தெரு பார்த்துக்கொண்டார். இந்த ஊரில் யாருக்கும் தரத்தில் அக்கறை இல்லை. அப்படி இருக்கிறபோதுதான் இந்த சம்ப் கார்டு விவகாரம் வந்தது, நானும் முறைப்படி ஒரு கமிட்டி போட்டேன். ஒரு முக்கியமான சாமானைத் தனி ஆளாகப் போய் ஒரு கடையில் நின்று வாங்குவது சில்லறை மனுஷர்கள் செய்கிற காரியம்.

கமிட்டியில் என்னைச் சேர்த்து நான்கு பேர். முதலாவது என் மைத்துனன் அம்பி. பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் இருக்கிறவன், மூன்று கொட்டேஷன் வாங்காமல் குண்டூசிகூட வாங்க மாட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது மூன்று ஜாதகத்தையும் ஒட்டிய கவரில்தான் வேண்டும் என்று கேட்டவன், அதைச் சொல்லிச் சொல்லி அவன் பெண்டாட்டி பட்டு இன்றைக்கும் அவனை உரித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது அடுத்த பிளாக் பாலச்சந்திரன். ராணுவ ஆராய்ச்சி லேபில் உலோகத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் சொல்லக் கூடாது, எங்கே என்று கேட்டால் சொல்லக் கூடாது, சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று அவர் சம்சாரம் கேட்டாலும் அதே பதில்தான் போலிருக்கிறது. மூன்றாவது ஆரோக்கியசாமி. லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ரிடையரானவர், நல்ல மனுஷர், ஆனால் எதைக் காட்டினாலும் அவருக்கு ரயில் எஞ்சினாகத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மொட்டை மாடியில் மீட்டிங். உங்கள் மாமியார் பஜ்ஜி போட்டு அனுப்பினாள், அந்த மட்டில் ஒத்துழைப்பு இருந்தது. முதல் மீட்டிங்கில் எந்த உலோகம் என்பது அஜெண்டா. ஆரோக்கியசாமி எடுத்த எடுப்பில் ரயில்வே கனத்தில் ஒரு ப்ளேட் போட வேண்டும் என்றார். மாதிரிக்கு ஒரு துண்டை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார், அதை ஆட்டோவிலிருந்து இறக்க அம்பியும் ஆட்டோக்காரனும் தேவைப்பட்டார்கள். அதை மாட்டினால் வண்டியின் மூக்கு தரையைத் தொட்டுக்கொண்டுதான் போகும், பாறையை ஒன்றுவிடாமல் தேடிப் பிடித்து இடிக்கும். அதைச் சொன்னேன். அவர் அசரவில்லை, ஒரு எருமையே குறுக்கே வந்தாலும் தாங்கும் என்றார். எருமை எஞ்சினுக்கு அடியிலிருந்தா வரும் என்று கேட்டேன், அதற்கு ரயில்வேயில் எருமை எங்கிருந்தெல்லாம் வந்திருக்கிறது என்று ஒரு மணி நேரம் கதை சொன்னார். பஜ்ஜி ஆறிப்போனதுதான் மிச்சம்.

பாலச்சந்திரன் எல்லாம் முடிந்த பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இதற்கென்றே ஒரு கலப்பு உலோகம் இருக்கிறது, பாதி எடை, இரண்டு மடங்கு பலம் என்றார். பெயர் கேட்டோம், சொல்லக் கூடாது. எங்கே கிடைக்கும் என்று கேட்டோம், கிடைக்காது. பிறகு அதை எதற்கு ஐயா சொன்னீர் என்று கேட்டால், இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் என்கிறார். மத்திய சர்க்காரின் பணத்தில் இப்படி ஒரு மூளையை வளர்த்திருக்கிறார்கள். அம்பி கூட்டி வந்த ஃபைபர் கம்பெனி ஏஜென்ட் வேறு ஒரு ரகம். ஃபைபர் வளையும், ஒடியாது, துருப்பிடிக்காது என்று டை கட்டிக்கொண்டு பேசியவர், வளைத்துக் காட்டுகிறேன் என்று வளைத்தார், அது அவர் கையிலேயே ஒடிந்தது. குளிர்காலத்தில் மட்டும் அப்படி என்று சொல்லிவிட்டு, இரண்டு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அலுமினியம் கனமில்லை, ஆனால் உங்கள் குவாரிச் சாலையில் ஒரு தடவை போனால் கிழித்துக்கொண்டு வரும். கடைசியில், சாதாரண மைல்ட் ஸ்டீல், மிதமான கனம், முன்பக்கம் சாய்வாக மேல்நோக்கி மடித்தது, சேறு தங்காமல் வழிய இடம், எஞ்சின் சூடு போகக் காற்றுக்கு வழி, எண்ணெய் மாற்றும்போது கார்டைக் கழற்றாமலே வடிகிற மாதிரி சம்பின் திருகுக்கு நேராக ஒரு துளை என்று நான்தான் தீர்மானத்தை எழுதி, மற்ற மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். வாங்குவதற்குள் கார்த்திகை வந்துவிட்டது.

அந்தத் துளை எங்கே வர வேண்டும் என்பதில்தான் கமிட்டி மாட்டிக்கொண்டது. திருகு இடப்பக்கம் என்று ஆரோக்கியசாமி, வலப்பக்கம் என்று அம்பி, பாலச்சந்திரனுக்குத் தெரியும் போலிருந்தது ஆனால் சொல்லவில்லை. கடைசியில் அம்பி தன் ஆபீஸ் சிநேகிதன் மூலமாக, அதே கம்பெனி, ஏறக்குறைய அதே மாடல், ஒரு வண்டியின் டிராயிங்கை வாங்கி வந்தான். மாடியில் அதை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, காபி கொண்டுவந்த கிரிஜா, வண்டி கீழே வாசலில்தானே நிற்கிறது, குனிந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்டாள். படித்த பெண் பேசுகிற பேச்சா இது? இன்ஸ்பெக்டரும் ஃபோர்மேனும் விஞ்ஞானியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் வண்டிக்கு அடியில் தவழ்ந்தால் காலனி என்ன சொல்லும்? மேலும் வண்டி தப்பாகச் செய்யப்பட்டிருக்கலாம், டிராயிங் தப்பாக இருக்காது. இதை அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் அம்மாவும் பெண்ணும் புடவைக்கு ஃபால்ஸ் வாங்க வேண்டும் என்று செகந்திராபாத் போனார்கள். தரக்கட்டுப்பாடு என்றால் இந்த வீட்டுப் பெண்களுக்கு அவ்வளவு அலட்சியம்.

அடுத்தது நாச்சாரம். அம்பி அங்கே மூன்று பட்டறைகளில் கொட்டேஷன் வாங்கி, அவற்றில் குறைந்ததற்கு ஆர்டர் கொடுத்தான். குறைந்த கொட்டேஷன் கொடுத்த பட்டறைக்காரருக்கு வாயில் எப்போதும் பான், எதைக் கேட்டாலும் 'ஹவ் சாப்', அதாவது ஆமாம் ஐயா. முன்பக்கம் மடிப்பு வேண்டும் என்றேன், ஹவ் சாப். ஓரம் கையைக் கிழிக்கக் கூடாது என்றேன், ஹவ் சாப். இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தால் ஓரம் பாக்குவெட்டி பதத்தில் இருந்தது, ரிஜெக்ட் செய்தேன். அடுத்த தடவை ஓரம் சரி, துளை வட்டமாக இல்லை, ரிஜெக்ட். அடுத்த தடவை எல்லாம் சரி, ஆனால் தீர்மானத்தில் சாம்பல் நிறம் என்று இருக்க அவர் நீலம் அடித்து வைத்திருந்தார், அதையும் ரிஜெக்ட் செய்தேன். அவர் பானைத் துப்பிவிட்டு வந்து, "இத்தா கைக்கு தேக்ரை சாப், லோஹா ஹை, துல்ஹன் நை" என்றார். இவ்வளவு எதற்குப் பார்க்கிறீர்கள், இது இரும்பு, கல்யாணப் பெண் இல்லை என்று அர்த்தம். இந்த அலட்சியத்தால்தான் இந்த நாட்டில் ஒரு குடைகூட ஒழுங்காக விரிவதில்லை என்று அவருக்குத் தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

ஒருவழியாகப் பொங்கலுக்கு மறுவாரம் சாம்பல் நிறத்தில் கார்டு வீடு வந்து சேர்ந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, நானே ஒப்புக்கொள்கிறேன். மாட்டிவிடலாம் என்று ஆரோக்கியசாமி ஸ்பானரை எடுத்தார். பாலச்சந்திரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டெஸ்ட் செய்யாத சாமானை மாட்டுவதா? அது நியாயமான கேள்வி. நானும் அதையேதான் கேட்க வாயெடுத்தேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை கார்டைக் கீழே இரண்டு கட்டைகள் மேல் வைத்து, பாறைக்குப் பதிலாக உங்கள் மாமியாரின் ஆட்டுக்கல் குழவியை மொட்டை மாடியிலிருந்து அதன் மேல் போடுவது என்று தீர்மானித்தோம். சாவித்ரி கோவிலுக்குப் போயிருந்தாள், அதனால் அனுமதி கேட்க முடியவில்லை. காலனியே வந்து நின்று பார்த்தது. ஆரோக்கியசாமி பச்சைத் துண்டை அசைத்தார், நான் குழவியை விட்டேன். சத்தம் மூசாப்பேட்டை வரை கேட்டதாகச் சொன்னார்கள். குழவி இரண்டாகப் பிளந்தது. கார்டின் நடுவில் ஒரு பள்ளம், வேறு ஒரு கீறல் இல்லை. நாங்கள் நான்கு பேரும் கைகுலுக்கிக்கொண்டோம். நான் சாக்பீஸால் அதன் மேல் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ வருஷ சர்வீஸில் இவ்வளவு மனதாரப் போட்ட கையெழுத்து வேறு இல்லை.

அதற்கு அப்புறம்தான் கிரிஜா வந்தாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"பாஸா, ஃபெயிலாப்பா?"

"பாஸ்."

"அப்போ மாட்டிடலாமா?"

"அதெப்படி மாட்டறது? டெஸ்ட் பண்ணின பீஸை வண்டியில மாட்டக் கூடாது. அது ரூல்."

"அப்போ டெஸ்ட் பண்ணாததை?"

"டெஸ்ட் பண்ணாததை எப்படிம்மா மாட்டுவா?"

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்து எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. புருஷனிடம் போக இன்னும் தாமதமாகிறதே என்ற ஏக்கம் இருக்காதா? ஆனால் சட்டம் சட்டம்தான். ஒரு அடி வாங்கின இரும்புக்குள்ளே என்ன ஆகியிருக்கும் என்று வெளியே தெரியாது, அதனால் சோதித்த சாமானை உபயோகிக்கக் கூடாது என்பது எந்த ஃபாக்டரியிலும் உள்ள முறை. முதலிலேயே இரண்டு கார்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும், ஒன்று டெஸ்டுக்கு, ஒன்று வண்டிக்கு. அதைச் செய்யாதது அம்பியின் பிழை, பர்ச்சேஸ்காரர்களே இப்படித்தான். அந்தக் கார்டில் இப்போது உங்கள் மாமியார் வடாம் காய வைக்கிறாள். பள்ளம் விழுந்த இடத்தில் வடாம் நன்றாகக் காய்வதில்லை என்று குறை வேறு. குழவி பிளந்ததற்கு இன்றுவரை என்னிடம் நேரே பேசுவதில்லை, எதுவானாலும் கிரிஜா மூலமாகத்தான்.

ஆகவே மாப்பிள்ளை, இப்போதைய நிலவரம் இதுதான். மறுபடியும் மூன்று கொட்டேஷன் கேட்டிருக்கிறோம், இந்தத் தடவை இரண்டு கார்டுக்கு. சிவராத்திரிக்குப் பிறகு கவரைப் பிரிப்போம். ஆர்டர் கொடுத்து, செய்து, நான் போய்ப் பார்த்து, ரிஜெக்ட் செய்து, திருத்தி, டெஸ்ட் செய்து முடிக்கப் பங்குனி ஆகும். மாற்றுக் குழவியும் பார்க்க வேண்டும். அதுவரை வண்டி இங்கேதான் நிற்கும், கிரிஜாவும் இங்கேதான் இருப்பாள். தகரம், தாமதம் என்றெல்லாம் இனிமேல் தபாலட்டையில் எழுத வேண்டாம். நான் சொல்வதைக் கேட்பதானால், ஒரு வெள்ளைக் காகிதத்தில் உங்கள் பழைய ஜெனரல் மேனேஜருக்கு நான்கு வரி மரியாதையாக எழுதிப் போடுங்கள். அவரும் நானும் ஒரே பஸ்ஸில் போய்வந்தவர்கள். திரும்ப எடுத்துக்கொள்வார். நீங்களும் கிரிஜாவும் இதே காலனியில் நாலு வீடு தள்ளி ஒரு போர்ஷன் பார்த்துக்கொண்டால் இந்தக் கார்டும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம். கெட்டித் தாரில் போகிற பஸ்ஸுக்கு எந்தக் கவசமும் தேவையில்லை. இதை உங்கள் நல்லதுக்குத்தான் எழுதுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் குலதெய்வமும் எங்கள் குலதெய்வமும் சேர்ந்து உங்களுக்கு நல்ல புத்தியும் தீர்க்காயுசும் கொடுக்கட்டும். சாவித்ரியின் ஆசீர்வாதத்தைக் கிரிஜா வந்து என்னிடம் தெரிவித்தாள், அதையும் இத்துடன் அனுப்புகிறேன்.

இப்படிக்கு, உங்கள் நலனை உங்களைவிட அதிகம் விரும்பும் மாமனார்,
ஜகதீசன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேற்படி கடிதத்தை எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பினவன், வாசலில் செருப்பை மாட்டும்போது சட்டைப் பையிலிருந்த மூக்குக் கண்ணாடிக் கூடு நழுவி உங்கள் வண்டிக்கு அடியில் போய்விட்டது. தெருவில் எடுத்துத் தர யாரும் இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, முழங்காலை ஊன்றிக் குனிந்தேன். அடியில் ஒரு சம்ப் கார்டு மாட்டியிருக்கிறது.

நன்றாகத்தான் மாட்டியிருக்கிறது. முன்பக்கம் மடித்திருக்கிறது, துளை திருகுக்கு நேராக இருக்கிறது (நடுவில், இடமும் இல்லை வலமும் இல்லை). மேலே சேறு காய்ந்து, பெயின்ட் கல்லில் உரசிக் கோடு கோடாக இருக்கிறது. உள்ளே போய்க் கேட்டேன். புடவைக்கு ஃபால்ஸ் வாங்கப் போன அன்றைக்கு அம்மாவும் பெண்ணும் செகந்திராபாத் ராணிகஞ்சில் ஒரு கடையில் இதை ரெடிமேடாக வாங்கினார்களாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாடியில் மீட்டிங்கில் இருந்தபோது கிரிஜாவே அடியில் படுத்து மாட்டினாளாம். நான் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு மாதாப்பூர்ப் பக்கத்துப் பாறைகளில் ஏற்றி இறக்கிப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லையாம். தகரம் என்று தபாலட்டையில் எழுதச் சொன்னதும் அவள்தானாம், அப்பாவுக்கு ரோஷம் வந்தால் இன்னும் ஒரு மாதம் ஓடும் என்று. உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எனக்கும் அம்பிக்கும் ஒரு விஞ்ஞானிக்கும் ஒரு ஃபோர்மேனுக்கும்தான் தெரியாது.

அன்றைக்கே கிளம்பியிருக்கலாமே, இத்தனை நாள் எதற்கு உட்கார்ந்திருந்தாய் என்று கிரிஜாவிடம் சத்தம் போட்டேன். பதில் சொன்னது சாவித்ரி. குழவி பிளந்த பிறகு என்னிடம் நேரே பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ரிடையரானதுலேர்ந்து நீங்க காலம்பற எழுந்து ஷேவ் பண்ணிண்டது இந்த மூணு மாசம்தான். கொழந்தைக்குப் போக மனசு வரலை, போங்கோ."

நான்தான் கிரிஜாவை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். கிழிக்கலாம் என்று பார்த்தேன், அவள் கிழிக்க விடவில்லை. அதை நீங்கள் படித்தே ஆக வேண்டுமாம். நாளைக் காலையில் அவள் கிளம்புகிறாள், வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு. போ என்று சொன்னது நான்தான், அதை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கடிதத்தையும் அவளே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பாள், தபால் செலவு மிச்சம். கமிட்டிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வருவார்கள், என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை.

ஒரு விஷயம். நேற்று அவள் வண்டியைக் கழுவத் திருப்பி நிறுத்தியபோது சைலன்சரில் ஒரு சத்தம் கேட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கே யாரிடமும் காட்ட வேண்டாம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இங்கே ஆள் இருக்கிறோம். சித்திரை பிறந்ததும் அனுப்பி வையுங்கள். வண்டியை மட்டும் அனுப்பிவிட வேண்டாம்.